முன்னுக்குப் போன பிரேக்: பாகு 2021, முதல் திருப்பம்

2021 ஜூன் 6. அஜர்பைஜான் தலைநகர் பாகுவின் தெருக்களில் ஃபார்முலா ஒன் பந்தயம். மொத்தம் 51 சுற்று, ஒரு சுற்று 6.003 கிலோமீட்டர். 46ஆம் சுற்றில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் இடது பின் டயர் நீண்ட நேர்ப்பாதையில் கிழிந்து, கார் சுவரில் மோதியது. லான்ஸ் ஸ்ட்ரோலின் காரும் அதற்கு முன்பே அதே மாதிரிதான் போயிருந்தது. சில சுற்று சேஃப்டி காருக்குப் (எல்லாரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் கார்) பின்னால் ஓடவிட்டு, பிறகு சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். மிச்சமிருந்தது இரண்டே சுற்று. கார்களை மறுபடி வரிசையில் நிறுத்தி, நின்ற நிலையிலிருந்து புறப்பட வைக்கலாம் என்று முடிவானது. முதலிடத்தில் செர்ஜியோ பெரெஸ், பக்கத்தில் லூயிஸ் ஹாமில்டன்.

ஹாமில்டனுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு அமைந்திருக்காது. சாம்பியன்ஷிப்பில் வெர்ஸ்டாப்பன் 105 புள்ளி, அவர் 101. எதிராளி சுவரில் கிடக்கிறார். விளக்கு அணைந்ததும் ஹாமில்டனின் கார் நன்றாகவே கிளம்பியது, பெரெஸின் பக்கவாட்டில் வந்துவிட்டது. பெரெஸ் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்ந்தார். முதல் திருப்பம் இடப்பக்கம், ஏறக்குறைய செங்கோணம். ஹாமில்டன் பிரேக்கை மிதித்தார். முன் சக்கரங்கள் இரண்டும் லாக் ஆகி, அதாவது சுழலாமல் நின்று, வெண்புகை கிளப்பி, கார் திரும்பாமல் நேரே தப்பிப்பாதைக்குள் போய்விட்டது. அவர் திரும்பி வருவதற்குள் எல்லாரும் கடந்து போயிருந்தார்கள். முடிவு: பெரெஸ் 1, செபாஸ்டியன் வெட்டல் 2, பியர் கேஸ்லி 3, ஹாமில்டன் 15. அணித்தோழர் போட்டாஸ் 12ஆம் இடம் என்பதால் மெர்சிடிஸுக்கு அன்று ஒரு புள்ளிகூட இல்லை.

முதல் பார்வைக்கு இது 'தாமதமாக பிரேக் போட்டுவிட்டார்' ரகம். நேரலையில் பார்த்த பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் ரேடியோவில் ஹாமில்டன் கேட்ட கேள்வி வேறு: 'மேஜிக்' ஆனில் இருந்ததா, நான் அணைத்தேனே என்று. விஷயம் அங்கேதான்.

அந்த மேஜிக் என்ன?

மெர்சிடிஸ் ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான் இருந்தது. அணிக்குள் அதன் பெயர் 'பிரேக் மேஜிக்'. அதை அழுத்தினால் பிரேக் பயாஸ், அதாவது மொத்த பிரேக் விசையில் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் போகும் பங்கு, ஒரேயடியாக முன்பக்கம் தாவிவிடும். பந்தய வேகத்தில் ஓட்டுவதற்கான அமைப்பு அல்ல அது. புறப்படும் முன் போகும் வார்ம்-அப் சுற்றில் முன் டிஸ்க்குகளை, அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகளை, சூடேற்றுவதற்கானது.

சூடு ஏன் அவ்வளவு முக்கியம்? கார்பன் டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும் கார்பன் பேடும் சில நூறு டிகிரி செல்சியஸ் வந்த பிறகுதான் ஒழுங்காகக் கடிக்கும். குளிர்ந்திருந்தால் மிதித்தும் பயனில்லை. இரண்டாவது காரணம் டயர். டிஸ்க்கின் சூடு வீல் ரிம் வழியாக டயருக்குள் போகும். அந்த வருடம் வரை 13 அங்குல ரிம்தான், டிஸ்க் அதற்குள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும், சூடு கடத்துவது எளிது. பின் டயர்களைச் சூடாக்க என்ஜின் இருக்கிறது, கொஞ்சம் சக்கரத்தைச் சுழலவிட்டால் போதும். முன் டயர்களுக்கு அந்த வசதி இல்லை. வளைத்து வளைத்து ஓட்டலாம், இல்லாவிட்டால் பிரேக்கை வைத்துத்தான் சூடாக்க வேண்டும். பாகுவில் நேர்ப்பாதை நீளம், திருப்பங்கள் பெரும்பாலும் மெதுவானவை. முன் டயர் சூடாக மறுக்கும் இடம். சேஃப்டி காருக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்து வந்து புறப்படும் வரிசையில் நிற்கும்போது இந்தப் பொத்தானின் அருமை நன்றாகத் தெரியும்.

ஹாமில்டன் அதைப் பயன்படுத்திவிட்டு அணைத்தும் இருந்தார். புறப்பட்ட பிறகு, பெரெஸ் தன் பக்கம் வருவதைக் கண்டு ஸ்டியரிங்கைச் சட்டென அசைத்தபோது கை தவறுதலாகப் பொத்தானில் பட்டு மறுபடி ஆன் ஆகிவிட்டது. பின்னர் மெர்சிடிஸ் தரப்பு சொன்ன விளக்கம் இதுதான். முதல் திருப்பத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது அவர் காலடியில் இருந்தது பந்தய பிரேக் அல்ல, சூடேற்றும் பிரேக்.

எவ்வளவு இழப்பு என்று ஒரு கணக்கு

பிரேக் போடும்போது காரின் எடை முன்னால் சாய்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துவிடலாம். கணக்குக்கு வசதியாக ஒரு ஃபார்முலா காரை எடுத்துக்கொள்வோம்: ஓட்டுநரும் கொஞ்சம் எரிபொருளும் சேர்த்து 760 கிலோ, நிற்கும்போது முன் அச்சில் 45.5%, எடைமையம் தரையிலிருந்து 0.3 மீட்டர் உயரம், வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம்) 3.6 மீட்டர். இவை நான் வைத்துக்கொண்ட எண்கள், எந்த அணியின் வரைபடத்திலிருந்தும் எடுத்தவை அல்ல. ஆனாலும் உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

நான்கு சக்கரங்களும் தங்களால் முடிந்த அளவு முழுக்கக் கடிக்க வேண்டுமானால், முன் பிரேக்கின் பங்கு அந்த நேரத்தில் முன் அச்சு சுமக்கும் எடையின் பங்குக்குச் சமமாக இருக்க வேண்டும். அந்தப் பங்கைக் கண்டுபிடிக்க ஒரு வரி போதும்: நிற்கும்போதுள்ள பங்கோடு, கிரிப் எண்ணை (டயர் தன்மேல் விழும் சுமையைப்போல் எத்தனை மடங்கு விசையில் சாலையைப் பிடிக்கும் என்பது) எடைமைய உயரத்தால் பெருக்கி வீல்பேஸால் வகுத்ததைக் கூட்டு. நம் காருக்கு உயரத்தை வீல்பேஸால் வகுத்தால் 0.083. டயரின் கிரிப் 1.6 என்றால் 0.455 + 0.133, ஆக 58.8%. மழை பெய்து கிரிப் 1.0க்கு இறங்கினால் 53.8%. தண்ணீர் நன்றாகத் தேங்கி 0.7 ஆனால் 51.3%.

இந்த வரியில் வேகம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். டவுன்ஃபோர்ஸும் (ஓடும்போது காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை) எடையைப் போலவே முன்னும் பின்னும் பிரிகிறது என்று வைத்துக்கொண்டால், 300 கிலோமீட்டர் வேகத்தில் 5 ஜி அளவில் (புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கு) பிரேக் போட்டாலும் சரி, 80 கிலோமீட்டரில் 1.6 ஜி அளவில் போட்டாலும் சரி, தேவையான பங்கு அதேதான். காரை அழுத்தும் சுமை கூடும்போது முன்னால் சாயும் சுமையும் அதே விகிதத்தில் கூடுகிறது. வேகத்தைவிட கிரிப்தான் பிரேக் பயாஸை ஆட்டி வைக்கிறது. பிரேக் போடும்போது கார் மூக்கைத் தாழ்த்துவதால் டவுன்ஃபோர்ஸ் முன்னுக்கு நகரும், சுமை கூடக்கூட டயரின் கிரிப் எண் லேசாகக் குறையும், அதனால் நிஜத்தில் கொஞ்சம் வேறுபடும். ஆனால் மழை வந்தால் பயாஸைப் பின்னுக்குத் தள்ளு என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதன் மொத்தக் காரணமும் இந்த ஒரு வரிதான்.

இப்போது மேஜிக் ஆனில். முன் பங்கு 85% என்று வைத்துக்கொள்வோம். முன் டயர் லாக் ஆகும் விளிம்பு வரைதான் மிதிக்க முடியும், அதற்கு மேல் மிதித்தால் வழுக்கல். அந்த விளிம்பில் கிடைக்கும் மொத்த வேகக்குறைப்பைப் போட்டுப் பார்த்தால், சரியான பயாஸில் 1.6 ஜி கிடைக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 1.0 ஜி தான் வருகிறது. டவுன்ஃபோர்ஸைச் சேர்த்தாலும் விகிதம் மாறவில்லை. நூறு மீட்டரில் முடிய வேண்டிய பிரேக்கிங்குக்கு 157 மீட்டர் வேண்டும். அதுவும் ஓட்டுநர் விளிம்பை மிகச் சரியாகப் பிடித்தால். பழகிய அழுத்தத்தில் ஓங்கி மிதித்தால் முன் சக்கரம் நின்றுவிடும், நின்ற டயருக்கு கிரிப் இன்னும் குறையும், பக்கவாட்டு விசையும் இருக்காது. ஸ்டியரிங்கை எவ்வளவு வளைத்தாலும் கார் நேரே போகும். அன்று திரையில் நாம் பார்த்தது இதைத்தான். பின் சக்கரங்கள் பாவம், சும்மா உருண்டுகொண்டிருந்தன.

ஹாமில்டன் தாமதமாக பிரேக் போட்டாரா என்று இதற்குப் பிறகும் வாதிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த அமைப்பில் அவர் எப்போதும் போடும் இடத்தில் போட்டிருந்தாலும் நின்றிருக்காது.

முன் லாக் ஆனால் கார் நேரே போகும், பின் லாக் ஆனால் கார் சுற்றும். எது மோசம் என்று கேட்டால் பின் லாக் தான். சாலைக் கார்களை வடிவமைக்கும்போது எந்த நிலையிலும் முன் சக்கரமே முதலில் லாக் ஆக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அதனால்தான். பாகுவில் பொத்தான் எதிர்ப்பக்கம் தாவியிருந்தால், பெரெஸின் காரோடு பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்த அந்த இடத்தில், அது 15ஆம் இடத்தோடு போயிருக்காது.

பின் பிரேக்குக்கு ஒரு கணினி

ஒரு பொத்தானால் பயாஸை இவ்வளவு தூரம் தள்ள முடிவது எப்படி என்ற கேள்வி வரும். பழைய ரேஸ் காரில் அது முடியாது. அங்கே ஒரு குமிழைத் திருகித் திருகித்தான் மாற்ற வேண்டும். 2014இல் ஹைப்ரிட் என்ஜின்கள் வந்தபோது நிலைமை மாறியது. முன் பிரேக் இன்றும் நேரடி ஹைட்ராலிக்தான்: கால் அழுத்துகிறது, எண்ணெய் தள்ளுகிறது, பேட் கடிக்கிறது. பின் பிரேக்குக்கு நடுவில் ஒரு கணினி உட்கார்ந்துகொண்டது. காரணம் எம்ஜியூ-கே என்ற மின் மோட்டார்-ஜெனரேட்டர். பிரேக் போடும்போது அது பின் சக்கரங்களின் ஆற்றலை உறிஞ்சி பேட்டரிக்கு அனுப்பும், 2025 வரை இருந்த விதியில் அதிகபட்சம் 120 கிலோவாட். அந்த உறிஞ்சலும் ஒரு பிரேக்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 120 கிலோவாட் என்பது திறன். திறனை வேகத்தால் வகுத்தால்தான் விசை. 300 கிலோமீட்டர் வேகத்தில் அது 1,440 நியூட்டன் மட்டுமே. நம் கணக்குக் காருக்கு அந்த வேகத்தில் பின் சக்கரங்களிடம் 15,000 நியூட்டன் வரை கேட்கிறோம், அதில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே 120 கிலோவாட் 100 கிலோமீட்டர் வேகத்தில் 4,320 நியூட்டன். அங்கே பின் சக்கரங்களுக்குத் தேவையான மொத்த விசையே ஐயாயிரத்தை ஒட்டித்தான். அதாவது வேகம் இறங்க இறங்க ஜெனரேட்டரே பின் பிரேக்கின் வேலையை முக்கால்வாசி செய்துவிடுகிறது. கணினி குறுக்கே இருந்து டிஸ்க்கின் பங்கைக் குறைத்துக்கொண்டே வராவிட்டால், ஒவ்வொரு திருப்பத்தின் நுழைவிலும் பின்பக்கம் லாக் ஆகி கார் சுற்றிவிடும்.

கணினி நடுவில் வந்த பிறகு பயாஸ் என்பது பெரும்பாலும் ஒரு மென்பொருள் எண். பின்பக்கத்திடம் குறைவாகக் கேள் என்று கட்டளையிட்டால் போதும், பயாஸ் முன்னுக்குப் போய்விடும். கிடைத்த வசதியும் பெரியது, ஆபத்தும் பெரியது.

ஆபத்து எப்படி இருக்கும் என்பதை இதே அணி ஏழு வருடம் முன்பே பார்த்திருந்தது. 2014 ஜூன் 8, கனடாவின் மாண்ட்ரியால். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் கடும் பிரேக், அப்புறம் மறுபடி நேர்ப்பாதை என்று பிரேக்குகளை வாட்டும் தடம். பந்தயத்தின் நடுவில் இரண்டு மெர்சிடிஸ் கார்களிலும் அடுத்தடுத்து எம்ஜியூ-கே செயலிழந்தது. இதனால் என்ஜின் சக்தி குறைந்தது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தலைவலி, ஜெனரேட்டர் தாங்கிக்கொண்டிருந்த பிரேக் சுமை முழுவதும் பின் டிஸ்க்குகள் மேல் விழுந்தது. ஜெனரேட்டர் உதவிக்கு இருக்கும் என்று நம்பிச் சிறிதாக வடிவமைத்த டிஸ்க்குகள் அவை. ஹாமில்டனின் பின் பிரேக்குகள் சூடு தாங்காமல் கைவிட்டன, பந்தயத்தை விட்டு விலகினார். நிகோ ராஸ்பெர்க் அடக்கி ஓட்டி இரண்டாவதாக வந்தார். டேனியல் ரிக்கியார்டோவுக்கு வாழ்க்கையின் முதல் வெற்றி.

மாண்ட்ரியாலில் பின்பக்கத்துக்குச் சுமை கூடிப்போனது, பாகுவில் பின்பக்கத்துக்கு வேலையே இல்லாமல் போனது. இரண்டிலும் டிஸ்க், பேட், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் எதுவும் தரக்குறைவு இல்லை. பங்கீடுதான் காலை வாரியது.

யார் தப்பு?

ஓட்டுநர் கை பட்டது, ஆகவே ஓட்டுநர் தப்பு என்று சுருக்கமாக முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடக்க ஓட்டத்தில் ஓட்டுநரின் கைகள் கிளட்ச், கியர், ஸ்டியரிங் மூன்றையும் ஒரே சமயத்தில் பார்க்கின்றன. பக்கத்தில் ஒரு கார் நெருங்கினால் கை இழுத்துக்கொள்ளும், அது யோசித்துச் செய்வதல்ல. அந்தக் கை எட்டும் இடத்தில், ஒரு தொடுதலில் பிரேக்கைப் பந்தயத்துக்கே லாயக்கில்லாத நிலைக்கு மாற்றும் பொத்தான். புறப்பட்டுப் போன காரில் அந்த நிலை தானாக விலகவும் இல்லை. அழுத்தினால் ஆன், மறுபடி அழுத்தினால் ஆஃப் என்று இருக்கும் எந்தப் பொத்தானும் பதற்றத்தில் ஏமாற்றும், ஏனென்றால் இப்போது எதில் இருக்கிறோம் என்று விரலுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஸ்டியரிங் திரையைப் பார்க்க வேண்டும். விளக்கு அணைந்த சில நொடிகளில் யார் திரையைப் பார்ப்பார்கள்?

மெர்சிடிஸும் ஓட்டுநரைக் குறை சொல்லவில்லை. உடனடி ஏற்பாடாகப் பொத்தானைச் சுற்றி ஒரு மறைப்பு வைத்து, தற்செயலாகப் படாதபடி செய்தார்கள். சின்ன வேலைதான். இந்த மாதிரி மறைப்பு விமான காக்பிட்டிலும் தொழிற்சாலை அவசர சுவிட்சிலும் எத்தனையோ காலமாக இருக்கிறது. அது முன்பே இல்லாமல் போனதுதான் ஆச்சரியம்.

அந்தப் பருவம் முடிந்தபோது வெர்ஸ்டாப்பன் 395.5, ஹாமில்டன் 387.5. எட்டுப் புள்ளி வித்தியாசம். அன்று பெரெஸுக்குப் பின்னால் அமைதியாக இரண்டாவதாக வந்திருந்தாலே 18 கிடைத்திருக்கும் என்று ரசிகர்கள் இன்றும் கணக்குப் போடுகிறார்கள். 22 பந்தயத்தில் ஒன்றை மட்டும் உருவி எடுத்து அப்படிக் கழித்துக் கூட்டுவது நியாயமில்லை. வெர்ஸ்டாப்பனின் டயர் வெடிக்காமல் இருந்திருந்தால் என்று எதிர்த்தரப்பும் கேட்கும். இன்னொன்று, ஜெயித்த பெரெஸின் கார் ஹைட்ராலிக் கோளாறோடு ஓடிக்கொண்டிருந்தது. கொடியைத் தாண்டியதும் தடத்திலேயே ஓரமாக நிறுத்திவிட்டார்.

கணினி இல்லாத காரில்

சரி, இவ்வளவு மின்னணு எதுவும் இல்லாத, கிளப் பந்தயத்தில் ஓடும் ஒரு ஒற்றை இருக்கைக் காருக்கு வருவோம். அங்கே ஒரு பெடல், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒவ்வொன்றாகக் கால் விசையை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் இரண்டு மாஸ்டர் சிலிண்டர், நடுவில் விசையைப் பிரிக்கும் தண்டாக ஒரு பயாஸ் பார். பெடலின் விசை பாரின் நடுவிலிருக்கும் உருண்டை பேரிங்கில் விழுந்து, இரண்டு முனைகள் வழியாக இரண்டு சிலிண்டருக்குப் பிரியும். பாரைத் திருகினால் அந்தப் பேரிங் ஒரு முனைக்கு நெருக்கமாகும், நெருங்கிய பக்கத்து சிலிண்டருக்கு அதிக விசை. ஓட்டுநர் கையருகே ஒரு குமிழும் கேபிளும் இருந்தால் ஓடும்போதே மாற்றலாம்.

பாரைத் தொடுவதற்கு முன் சிலிண்டர் அளவைப் பார்க்க வேண்டும். பெரிய திருத்தம் அங்கேதான், பார் மெல்லிய திருத்தத்துக்கு மட்டும். ஒரு பக்கம் 5/8 அங்குலமும் மறுபக்கம் 0.7 அங்குலமும் போட்டால், ஒரே விசையில் சிறிய சிலிண்டரில் 25% அதிக அழுத்தம் உருவாகும், அதன் பரப்பு 20% குறைவு. பாரை ஒரு கடைசி வரை தள்ளியும் பயாஸ் சரிவரவில்லை என்றால் அது பாரின் குறை அல்ல, சிலிண்டரையோ பேடையோ மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

அளப்பதற்கு, முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என இரண்டு காலிப்பர்களின் பிளீட் துளையில் (எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றும் துளை) அழுத்தமானி மாட்டி, பெடலை ஓங்கி மிதித்து இரண்டு எண்களையும் குறித்துக்கொள்வது வழக்கம். அப்புறம் தடத்தில். பேட்களைப் பழக்கி, டயரையும் டிஸ்க்கையும் சூடாக்கிய பிறகுதான் சோதனை. குளிர்ந்த டயரில் அமைத்த பயாஸ் சூடான டயருக்குப் பொருந்தாது, மேலே போட்ட கணக்கே அதற்குச் சாட்சி. முன்பக்கம் அதிகமாக இருக்கும் பாதுகாப்பான அமைப்பில் தொடங்கி, நேர்ப்பாதையில் மட்டும் கடும் பிரேக் போட்டு, எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டும். ஓட்டுநருக்குப் பின் சக்கரம் தெரியாது, கேமரா இருந்தால் நல்லது. பாரை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகிப் பயாஸைப் பின்னுக்குக் கொண்டுபோய், பின்பக்கம் லாக் ஆகத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கொஞ்சம் முன்னுக்கு வந்து நிறுத்துவார்கள். நேரே போகும்போது சரியாக இருக்கும் அமைப்பு, பிரேக்கோடு திருப்பத்துக்குள் நுழையும்போது பின்பக்கத்தைக் கிளப்பலாம், உள்பக்கப் பின் சக்கரத்தில் அப்போது சுமை மிகக் குறைவு. ஆகவே கடைசி முடிவைத் திருப்பத்தின் நுழைவில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: பெடலை முழு விசையில் அழுத்தியிருக்கும்போது பார் பெடலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், சும்மா இருக்கும்போது அல்ல. ஒரு பக்கம் காற்று புகுந்தாலோ பேட் தேய்ந்தாலோ பார் சாய்ந்து, ஓரத்தில் இடித்து நின்றுவிடும். இடித்த பிறகு குமிழை எவ்வளவு திருகினாலும் பயாஸ் மாறாது, எண் மட்டும் மாறும்.

குமிழ் இருக்கும் காரில் இரண்டு பக்கமும் தடை வைப்பது நல்லது. உலர்ந்த தடத்துக்கு ஒரு எல்லை, மழைக்கு ஒரு எல்லை, அதற்கு அப்பால் எவ்வளவு திருகினாலும் போகக் கூடாது. அந்த இரண்டு இடத்துக்கும் குமிழை எத்தனை சுற்று திருக வேண்டும் என்பதைக் காரின் டேஷ்போர்டில் டேப் ஒட்டி எழுதி வைத்துவிட்டால், வரிசையில் நிற்கும்போது கையை மட்டும் வைத்து எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம், கண்ணைத் தடத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை.